வழி விட்டு நின்ற ஸ்டெல்லா டீச்சர்

ஸ்டெல்லா டீச்சர் இறந்துபோன செய்தி இரண்டு தெரு தள்ளியிருந்து எனக்கு வந்திருக்க வேண்டும். அவர் குடியிருந்தது யாங்கோனில், தின்கன்ஜூன் பகுதியில், என் இட்லிக் கடைக்குப் பின்னால் இரண்டாவது தெருவில்தான். ஆனால் செய்தி ஜப்பானிலிருந்து வந்தது. பனிச்சறுக்கு ஓட்டத்துக்காக அங்கே ஒரு மலையூருக்குப் போயிருந்த என் பேத்தி சூசூ, காலை வியாபாரம் சூடாக நடக்கும் நேரத்தில் போன் செய்தாள். அன்று கரண்ட் இல்லை. பக்கத்து வீட்டு ஜெனரேட்டர் சத்தத்தில் அவள் குரல் விட்டு விட்டுத்தான் கேட்டது.

"அப்பாயி, சயாமா வீட்டுக்குப் போய்ப் பாருங்க."

"கடையில ஆளு நிக்குதும்மா. ஓட்டம் என்னாச்சு?"

"ஓட்டத்தை விடுங்க. இப்பவே போங்க. திறக்கலைன்னா கீழ் வீட்டு ஊ மியிண்ட்கிட்ட சாவி இருக்கு."

சயாமா என்று பர்மியப் பேச்சில் டீச்சரைச் சொல்வாள். அவளுக்கு மட்டுமல்ல, அவரிடம் பழகிய எல்லாப் பெண்களுக்கும் அவர் சயாமாதான். நான் அடுப்பை அணைத்துவிட்டுப் போனேன். தட்டினேன், திறக்கவில்லை. வீட்டுக்காரர் ஊ மியிண்ட் சாவியோடு வந்து திறந்தார். டீச்சர் கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருந்தார். சுவரை ஒட்டி, நன்றாக ஓரமாக ஒதுங்கி, மறுபக்கம் ஓர் ஆள் போகும் அளவுக்கு இடம் விட்டு. தூக்கத்திலேயே இதயம் நின்றுவிட்டது என்று டாக்டர் சொன்னார். தொட்டபோது கையில் இன்னும் சூடு இருந்தது.

நான் திரும்பக் கூப்பிட்டபோது சூசூ ஏற்கெனவே அழுதுகொண்டிருந்தாள். நான் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவளுக்கு எப்படித் தெரிந்தது என்பதை அடக்கம் முடிந்த பிறகுதான் சொன்னாள். அதை நானும் பிறகுதான் சொல்ல முடியும். ஆனால் அன்றிலிருந்து எனக்கு வந்த கவலையை இப்போதே சொல்லிவிடுகிறேன். அந்த வாரக் கடைசியில் சூசூவுக்கு இன்னொரு ஓட்டம் இருந்தது. அதில் அவள் ஓடுவதா, எல்லாவற்றையும் விட்டுவிட்டு என்னிடம் வந்து சேர்வதா என்பதை நான்தான் சொல்ல வேண்டும். அவளைப் பெற்றவர்கள் மலேசியாவில் வேலையில் இருக்கிறார்கள். வளர்த்தவள் நான்.

டீச்சரிடம் பழகிய பெண்கள் சேர்ந்து கொண்டுவரும் இந்த நினைவு மலரின் தமிழ்ப் பகுதியில் நான் எழுத வேண்டும் என்று அவருடைய தம்பி கேட்டார். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் என்ன எழுதுவது என்றேன். "நீங்க பேசுறதையே எழுதுங்கக்கா" என்றார். பேசுகிறேன். அவரை அறிந்த உங்களுக்குச் சில விஷயங்கள் தெரிந்தே இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

டீச்சரின் அப்பா துறைமுகத்தில் கிளார்க்காக இருந்தவர். மிஷன் பள்ளிப் படிப்பு, ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோவில், மாலையில் பியானோ என்று இருந்த குடும்பம். கல்லூரிகள் மூடிக்கிடந்த காலத்தில் டீச்சர் வேலை தேடி ஜப்பானுக்குப் போனார். வெந்நீர் ஊற்றுள்ள ஒரு விடுதியில் பாத்திரம் கழுவும் வேலை. பனிக்காலத்தில் காட்டுக்குள் இருக்கும் குடிசைகளில் தங்குகிறவர்களுக்கு விடுதியிலிருந்து சாப்பாடு போக வேண்டும். ஒருநாள் எடுத்துப்போகிற ஆள் வரவில்லை. விடுதிக்கார அம்மா இவர் காலில் நீளமான பலகைகள் இரண்டைக் கட்டிவிட்டு, கையில் இரண்டு கோல்களைக் கொடுத்து, முதுகில் கூடையை ஏற்றி, போ என்றாராம்.

"போனேன் பாக்கியக்கா. வாசல் தாண்டுறதுக்குள்ள விழுந்தேன். சூப்பு மொத்தமும் முதுகுல. அந்தக் குளிர்ல சுடச்சுட முதுகுல ஓடுச்சு பாருங்க, அப்பாடான்னு அப்படியே படுத்துட்டேன். அந்த அம்மா செத்துட்டேன்னு நினைச்சு ஓடி வந்தாங்க."

பனிச்சறுக்கு என்றால் மலை உச்சியிலிருந்து கீழே பாய்வது என்று நானும் நினைத்திருந்தேன். அவர் செய்தது அதில்லை. ஏற்றம் இறக்கம் எல்லாம் தன் காலாலேயே, கோலை ஊன்றி ஊன்றி, காட்டுக்குள் வெகுதூரம் ஓடுவது. அந்த ஊரில் நடந்த முதல் ஓட்டத்தில் அவர்தான் கடைசி. அவர் வந்து சேர்ந்தபோது கொடிகளைப் பிடுங்கி வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்களாம். வெட்கமாக இல்லையா என்று கேட்டேன். "கடைசி ஆளுக்குத்தான் தடம் ஆழமா கிடைக்கும்க்கா. முன்னால போன அத்தனை பேரும் நமக்காக அழுத்தி வச்சிட்டுப் போயிருக்காங்கல்ல" என்றார். இந்தப் பேச்சை உங்களில் பலர் அவர் வாயால் கேட்டிருப்பீர்கள். விழுந்த பெண் எழுந்திருக்க மாட்டேன் என்று அடம்பிடித்தால் இதைத்தான் சொல்வார்.

பிறகு அவர் கடைசியாக வரவில்லை. அந்த ஊர்க் குழுவில் சேர்ந்தார், பல வருடம் ஓடினார், பரிசுகள் வாங்கினார். ஓர் ஓட்டத்தில் விழுந்து வலது தோள் எலும்பு முறிந்தது. அதற்குப் பிறகு அந்த ஊர்ப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்க ஆரம்பித்தார். அம்மா படுக்கையில் விழுந்ததும் எல்லாவற்றையும் விட்டுவிட்டு யாங்கோன் வந்தார். அம்மா போன பிறகும் இங்கேயே இருந்துவிட்டார்.

பனியே விழாத ஊரில் வந்து பனிச்சறுக்கு கற்றுக்கொடுக்கிறேன் என்றால் யார் நம்புவார்கள். சக்கரம் வைத்த குட்டைப் பலகைகளைக் காலில் மாட்டிக்கொண்டு, கோல்களால் தார் ரோட்டைத் தட்டிக்கொண்டு, விடியும்போது எங்கள் தெருவில் போவார். டீக்கடை ஆட்கள் விடுவார்களா?

"சயாமா, பனி எப்ப வருது?"

"உன் டீ ஆறுறதுக்குள்ள வந்துரும், குடி."

முறிந்த தோள் என்பதால் அவருடைய வலது கோல் எப்போதும் இடது கோலுக்குச் சற்றுப் பிந்தித்தான் தரையில் விழும். டக், கொஞ்சம் பொறுத்து இன்னொரு டக். கதவு சாத்தியிருந்தாலும் அந்தத் தெருவில் எல்லோருக்கும் போவது யார் என்று தெரியும்.

சூசூ எப்படி அவரிடம் போய்ச் சேர்ந்தாள் என்று எனக்கே சரியாகத் தெரியாது. ஒருநாள் மாவாட்டிக்கொண்டிருந்தவள் சத்தம் கேட்டு எழுந்து போனாள், மறுநாளும் போனாள். பக்கத்துத் தாகேதாவிலிருந்து லைன்கார் பஸ் பிடித்து வரும் பெண்கள், சந்தைக்காரர்களின் பெண்கள் என்று ஒரு கூட்டம் இருந்தது. அந்தக் கூட்டத்தில் என் பேத்தி, பலகையில் கால் வைத்தவுடனேயே, வேறு மாதிரி என்று டீச்சர் என்னிடம் சொன்னார். பெருமைக்காக எழுதவில்லை. சரி, பெருமைதான். எல்லோருக்கும் பேரப் பிள்ளைகள் இருக்கிறார்கள். என் பேத்தி பனியில் ஓடுகிறவள்.

அந்த ஓட்டத்தில் ஒரு முறை இருக்கிறது. காட்டுக்குள் பனியில் இரட்டை வரியாகத் தடம் அழுத்தியிருப்பார்கள். ஒருவர் பின் ஒருவராக அதிலேதான் போக வேண்டும். பின்னால் வேகமாக வருகிறவர் வழி கேட்டால், முன்னால் போகிறவர் தடத்தை விட்டு ஓரமாக ஒதுங்கி நிற்க வேண்டும். அவர் கடந்த பிறகுதான் திரும்பத் தடத்தில் ஏற வேண்டும். யார் என்று திரும்பிப் பார்க்கக் கூடாது. பார்த்தால் உடம்பு திரும்பும், கால் தடம் தவறும். இங்கே பெண்கள் "லான் பேபா" என்று கத்துவார்கள். வழி விடுங்கள் என்று அர்த்தம். டீச்சர் முதலில் கற்றுக்கொடுத்தது ஓடுவதை அல்ல, இந்த ஒதுங்கலைத்தான்.

இதை நான் முதன்முதலில் கண்ணால் பார்த்தது ஊர் ஓரத்து ஷ்வேப்யிதாவில். அங்கே தொழிற்சாலைகள் இருக்கும் ரோடு அகலமானது. விடுமுறை நாளில் லாரி கிடையாது. குளிர்காலம், நல்ல மூடுபனி. நான் ஒரு தூக்கில் அவித்த பட்டாணியும் நான்பியா ரொட்டியும் எடுத்துக்கொண்டு, ஒரு பூட்டிய தொழிற்சாலை வாசலில் காத்திருந்தேன். அந்த வாசலில் ஒரு கிழட்டு நாய் படுத்திருந்தது. தூரத்தில் பெண்கள் வரும் சத்தம் கேட்டது. மூடுபனிக்குள்ளிருந்து முதலில் டீச்சர் வந்தார், பின்னால் வரிசையாகப் பெண்கள்.

என்னை நெருங்கும்போது டீச்சர் திடீரென்று ஓரமாக ஒதுங்கினார். கோல்களை உடம்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்து நின்றார். பின்னால் வந்த பெண்களும் ஒருத்தி பின் ஒருத்தியாக ஒதுங்கி அதே மாதிரி நின்றார்கள். சூசூவும் நின்றாள். ரோடு நடுவில் ஒன்றுமில்லை, மூடுபனி மட்டும்தான். எனக்கு ஏதாவது கேட்டதா என்று கேட்பீர்கள். சத்தம் கேட்டது என்றும் சொல்ல முடியாது, கேட்கவில்லை என்று சத்தியம் பண்ணவும் முடியாது. ஆனால் நாயைப் பார்த்தேன். தலையைத் தூக்கி, அவர்கள் வந்த பக்கத்தைப் பார்த்தது. பிறகு தலையை மெல்லத் திருப்பிக்கொண்டே வந்தது, என்னைத் தாண்டி, ரோட்டின் அந்தக் கோடி வரைக்கும். அப்புறம் படுத்துக்கொண்டது.

டீச்சர் மறுபடி ரோட்டில் ஏறினார். எல்லோரும் போனார்கள்.

சாப்பிடும்போது நான் பெண்களிடம் மெல்லக் கேட்டேன். பட்டாணியை வாயில் போட்டுக்கொண்டே ஒருத்தி சொன்னாள்.

"எக்ஸ்பிரஸ் போச்சு பாட்டி."

"என்ன எக்ஸ்பிரஸ்?"

"ஊரைச் சுத்துற சர்க்கிள் ரயிலை நிப்பாட்டிட்டு எக்ஸ்பிரஸ் போகும்ல, அது மாதிரி. சயாமாவுக்குப் பின்னால ஒரு ஆளு வருவாங்க. நாங்க நின்னு விடணும்."

"எந்த ஆளு? பார்த்தியா நீ?"

"பார்க்கக் கூடாது பாட்டி. டிக்கெட் வாங்காத ஆளு, பார்த்தா வெட்கப்படுவாங்க."

எல்லோரும் சிரித்தார்கள். என் பேத்தியும் சிரித்தாள். நான் கையிலிருந்த ரொட்டியைத் தூக்கிலேயே திரும்ப வைத்தேன்.

மறுநாள் டீச்சர் கடைக்கு வந்தபோது நான் நேராகக் கேட்டேன். அவர் மறைக்கவில்லை. டீயை ஊதிக்கொண்டே சொன்னார். ஜப்பானில் ஓட ஆரம்பித்த புதிதில் காட்டுக்குள் தனியாகப் பழகப் போனாராம். பனி கொட்ட ஆரம்பித்து, தடம் மூடிவிட்டது. எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நின்றபோது பின்னால் கோல் ஊன்றும் சத்தம் கேட்டது. வழி கேட்டார்கள். ஒதுங்கினார். பலகை உரசிக்கொண்டு பக்கத்திலேயே போனது, கிளம்பிய பனித்தூள் கன்னத்தில் பட்டது. நிமிர்ந்து பார்த்தால் ஆள் இல்லை, தடமும் இல்லை. சத்தம் மட்டும் முன்னால் போய்க்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்துக்குப் பின்னாலேயே போனார். விடுதி வாசலில் கொண்டுவந்து விட்டது.

"அப்போ நல்லதுதானா அது?"

"தெரியாதுக்கா. நல்லதுன்னும் தெரியாது, கெட்டதுன்னும் தெரியாது. பனி பேசாது, அதனாலதான் மத்ததெல்லாம் கேக்குதுன்னு நினைச்சேன். இங்க வந்தும் கேக்குது, இங்க எங்க பனி. ஒண்ணு மட்டும் தெரியும். வழி விட்டா அது பாட்டுக்குப் போயிடுது. ஒரே ஒரு ஓட்டத்துல, முதல்ல வரணும்கிற வெறியில, நான் வழி விடல. அப்ப அது முன்னால போகல. பின்னாலயே நின்னுச்சு. காது பக்கத்துல மூச்சு மாதிரி. அந்த ஓட்டத்துலதான் தோள் போச்சு."

டீக்கு இன்னும் கொஞ்சம் சர்க்கரை கேட்டார். சாதாரணமாகத்தான் கேட்டார்.

நான் காளி கோவில் பூசாரியிடம் போய்ச் சூசூவுக்குக் கயிறு மந்திரித்து வாங்கி வந்தேன். டீச்சர் முன்னாலேயே அவள் கையில் கட்டினேன், கோபித்துக்கொள்ளட்டும் என்றுதான். அவர் தன் கையையும் நீட்டினார். "எனக்கும் ஒண்ணு கட்டுங்கக்கா. எங்க பாதர் பார்த்தா வாட்ச் கட்டி மறைச்சுக்கறேன்." கட்டினேன். அவர் கையில் அது நைந்து அறுந்து விழும் வரைக்கும் இருந்தது. மற்றபடி ஒன்றும் மாறவில்லை.

பிறகு நான் பயந்தது நடந்தது. ஒரு காலை சூசூ குழாயடியிலிருந்து குடத்தோடு வந்துகொண்டிருந்தாள். டீச்சர் அங்கே இல்லை, காலில் பலகையும் இல்லை. எங்கள் தெருவில், பட்டப் பகலில், குடத்தை இடுப்பில் வைத்தபடி ஓரமாக ஒதுங்கினாள். தலையைக் குனிந்து நின்றாள். கொஞ்சம் பொறுத்து ஒன்றும் நடக்காதவள் போல வந்தாள். நான் கேட்டதற்கு, "என்ன அப்பாயி, நடந்து வந்தேன்" என்கிறாள். ஒதுங்கியது அவளுக்கே தெரியவில்லை.

அன்றோடு போதும் என்று பலகைகளைக் கட்டி டீச்சர் வீட்டில் கொண்டுபோய்ப் போட்டேன். அவள் அழுதாள். அழட்டும் என்று விட்டேன். அவளை ஜப்பானுக்கு அனுப்ப டீச்சர் பேசி வைத்திருந்த சமயம் அது. டீச்சர் மாலையில் பலகைகளைத் தானே தூக்கிக்கொண்டு வந்தார். தோள் வலியோடு. கடை பெஞ்சில் உட்கார்ந்தார்.

"அது அவளைத் தேடி வரலக்கா. என்கிட்ட வர்ற வழியில அவளைக் கடந்திருக்கும்."

"உங்ககிட்ட வர்றதை நீங்க வச்சுக்குங்க டீச்சர். எனக்கு இருக்கிறது ஒரு பேத்தி."

"நான் இருக்கிற வரைக்கும் அது என் பின்னாலதான். அவ பின்னால போகாது. இத்தனை வருஷம் பழகின ஆளு, எனக்குத் தெரியும்."

"நீங்க இல்லைன்னா?"

டீ கிளாஸை பெஞ்சில் வைத்தார். "இல்லைன்னா, நானே ஒரு தடவை வந்து அவகிட்ட சொல்லிட்டுப் போறேன்" என்றார். சந்தைக்குப் போகிற வழியில் எட்டிப் பார்க்கிறேன் என்று சொல்வது போலத்தான் சொன்னார். எனக்குக் கோபம் போய்விட்டது. என்ன சொல்வது இப்படிப்பட்ட மனுஷியிடம். பலகைகளை வாங்கி உள்ளே வைத்தேன்.

இந்தக் குளிர்காலத்தில் சூசூ ஜப்பான் போனாள், டீச்சர் பழைய நாளில் கற்றுக்கொடுத்த அதே ஊருக்கு. டீச்சருக்கு உடம்பு முடியவில்லை, போகவில்லை. விமான நிலையத்துக்கும் வரவில்லை. முதல் நாள் வீட்டுக்கு வந்து, அவள் தலையில் கை வைத்து, "விழுந்தா உடனே எந்திரிக்காத. கொஞ்சம் படுத்து வானத்தைப் பாரு, அப்புறம் எந்திரி" என்று சொல்லிவிட்டுப் போனார். அவளிடம் அவர் நேரில் சொன்ன கடைசிப் பேச்சு அதுதான்.

அடக்கத்துக்கு வந்தவர்களுக்குத் தெரியும், எத்தனை பெண்கள் வந்திருந்தார்கள் என்று. வண்டி போகும்போது இரண்டு பக்கமும் கோல்களை உடம்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, தலை குனிந்து, ஓரமாக ஒதுங்கி நின்றார்கள். மற்றவர்கள் அதை மரியாதை என்று நினைத்தார்கள். மரியாதைதான். ஆனால் வண்டி போன பிறகும் அவர்கள் உடனே நகரவில்லை. வண்டிக்குப் பின்னால் இன்னொன்று போகக் காத்திருப்பவர்கள் போலக் கொஞ்ச நேரம் நின்றிருந்தார்கள். நானும் நின்றேன்.

அன்று மாலை சூசூ போனில் சொன்னாள். அவளுடைய முதல் ஓட்டத்தில், காட்டுப் பகுதியில், முன்னாலும் பின்னாலும் ஆள் இல்லாத இடத்தில், பின்னால் கோல் சத்தம் கேட்டிருக்கிறது. டக், கொஞ்சம் பொறுத்து இன்னொரு டக். "லான் பேபா" என்று குரல். ஜப்பான் காட்டுக்குள், பர்மியப் பேச்சில். அவள் ஒதுங்கி நின்றாள். பக்கத்தில் உரசிக்கொண்டு போனது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் கடந்து போகும்போது மெழுகு வாசம் வந்ததாம், பலகைக்கு அடியில் தேய்க்க டீச்சர் உருக்குவாரே, அந்த வாசம். அதற்குப் பிறகு அவளால் வேகமாக ஓட முடியவில்லை. பின்னால் நிஜமாக வந்தவர்கள் எல்லோரும் அவளைத் தாண்டிப் போனார்கள். ஓட்டம் முடிந்த கையோடு என்னைக் கூப்பிட்டிருக்கிறாள்.

"இங்க இருக்கிற பயிற்சிக்காரர் கேட்டார் அப்பாயி. பின்னால யாருமே இல்ல, ஏன் நின்னேன்னு. நான் என்ன சொல்ல. இன்னொரு தடவை அப்படி நின்னா ஊருக்கு அனுப்பிடுவோம்னு சொல்லிட்டார். இந்த ஓட்டத்துல நல்லா வந்தா குளிர்காலம் முழுக்க இங்கயே வச்சிருப்பாங்க."

"சரி."

"சயாமா வந்தா எனக்குப் பயமில்ல. அவங்க சொல்லிட்டுப் போகத்தான் வந்தாங்க. ஆனா இப்ப அவங்க இல்லையே. அந்த இன்னொரு ஆளு இப்ப யார் பின்னால போகும்?"

நான் போனை அடுத்த காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"நீங்க வான்னு சொன்னா வந்துடறேன் அப்பாயி. சொல்லுங்க."

வா என்று சொல்லத்தான் வாய் வந்தது. அவள் குளிர்காலம் முழுக்க அங்கே இருந்தால் இந்தத் தின்கன்ஜூனில் நான் எவ்வளவு பெருமை பேசிக்கொள்ளலாம் என்ற ஆசையும் ஒரு பக்கம் இருந்தது, பொய் சொல்வானேன். இரண்டையும் தள்ளி வைத்துவிட்டு யோசித்தேன். டீச்சர் இருந்தால் என்ன சொல்வார். வராதே என்று அவர் யாரிடமும் சொன்னதில்லை, மனுஷராக இருந்தாலும் சரி, அதுவாக இருந்தாலும் சரி. வழி விட்டுவிட்டுத் தன் ஓட்டத்தை ஓடினார்.

"ஓடு" என்றேன். "யாராவது வழி கேட்டா விடு. நிஜ ஆளா, வேற ஆளான்னு பார்க்காத. இடம் போனா போகட்டும், அனுப்புறதுன்னா அனுப்பட்டும். முதல்ல வரணும்னு யாரையும் பின்னால நிப்பாட்டி வைக்காத. ஆனா ஓடு."

ஓட்டம் நடந்த காலையில் நான் கடை திறக்கவில்லை. போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கேட்டு வந்தவர்களிடம் மாவு புளிக்கவில்லை என்று சொல்லி அனுப்பினேன். வெகுநேரம் கழித்து அவள் கூப்பிட்டாள். நன்றாக ஓடியிருக்கிறாள். வைத்துக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டார்களாம். ஆனால் குரலில் சந்தோஷம் இல்லை.

"யாருமே வரல அப்பாயி. ஓடின நேரம் முழுக்கக் காதைப் பின்னாலயே வச்சிருந்தேன். ஒரு சத்தம் இல்ல. சயாமாவும் இல்ல, அதுவும் இல்ல. பின்னால அவ்வளவு காலியா இருந்துச்சு. அது எங்க போச்சு?"

"போயிருக்கும்மா எங்கயாவது. நீ சாப்பிடு" என்றேன்.

எங்கே போனது என்று எனக்கு அப்போது தெரியாது. அதற்கடுத்த வாரம் தெரிந்தது. மாவுக்கு உளுந்து வாங்க விடியற்காலையில் சந்தைக்குப் போய்க்கொண்டிருந்தேன். டீக்கடை இன்னும் திறக்கவில்லை. தெருவில் ஆள் கிடையாது. பின்னால் கோல் ஊன்றும் சத்தம் கேட்டது. டீச்சருடையது இல்லை. இரண்டு கோலும் ஒன்றாக, சீராக, நீள நீள அடியாக. எந்தப் பேச்சிலும் வழி கேட்கவில்லை. ஆனால் கேட்கிறது என்று தெரிந்தது. நான் சுவரோரமாக ஒதுங்கி, பையை உடம்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, தலையைக் குனிந்து நின்றேன். கால் பக்கம் குளிர்ந்த காற்று ஒன்று போனது. மாசி வெயில் ஆரம்பித்துவிட்ட சமயத்தில் அவ்வளவு குளிர். பர்மியப் பெண்களைப் போல நான் கட்டும் லுங்கியின் விளிம்பு நனைந்திருந்தது.

எனக்கு அப்போது வந்தது பயம் மட்டும் இல்லை. ஒரு நிம்மதியும் வந்தது. என் பின்னால் வருகிறது என்றால் அவள் பின்னால் இல்லை.

சூசூவுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. அவளோடு ஓடிய பெண்களிலும் முக்கால்வாசிப் பேருக்கு அப்படித்தான். அதனால்தான் இதைத் தைரியமாக எழுதுகிறேன். படிக்கத் தெரிந்தவர்கள் தயவுசெய்து அவளுக்குப் படித்துக் காட்ட வேண்டாம். தெரிந்தால் பலகையைக் கழற்றிப் போட்டுவிட்டு வந்து நிற்பாள்.

டீச்சரின் கோல்களை அவருடைய தம்பி வைத்திருக்கிறார். பரிசுகள் மாதா கோவிலில் இருக்கின்றன. பலகைகளைத் தாகேதாப் பெண்கள் எடுத்துக்கொண்டார்கள். எனக்கு எது வேண்டும் என்று எல்லோரும் கேட்டார்கள், ஒன்றும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். டீச்சரிடமிருந்து எனக்கு வர வேண்டியது வந்துவிட்டது. அவருக்குப் பின்னால் வந்துகொண்டிருந்த ஆளை நான் வைத்துக்கொண்டேன். நான் மெதுவாக நடக்கிறவள், மூட்டு வலி வேறு. அடிக்கடி வழி கேட்க வேண்டியிருக்கும். கேட்கட்டும், விடுகிறேன்.